எங்க அம்மாச்சிக்கு எத்தனை வயசு?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு மைக்கில் பேசிப் பழக்கம் இல்லை. பத்தாவது வரைதான் படித்திருக்கிறேன். குழுக் கூட்டத்தில் தீர்மான நோட்டை வாசிப்பதோடு சரி. தலைவி அக்காதான், "உங்க வீட்டில நடந்ததைப் பேசும்மா, நாலு பேருக்கு உதவும்" என்று சொன்னாங்க. வீட்டு விஷயத்தை மேடையில் சொல்றதா என்று முதலில் மாட்டேன்னுட்டேன். அப்புறம் எங்க அக்கா மகளிடம் கேட்டேன். ஏன்னா இதில் அடிபட்டது அவள்தான். "சொல்லுங்க சித்தி, ஊர் பூராவும் தப்பா பேசிக்கிட்டு இருக்காங்க, நாம சரியா சொல்லிட்டுப் போவோம்" என்றாள். அவள் சொன்ன தைரியத்தில்தான் நிற்கிறேன்.

போன ஆவணியில் அவளுக்கு ஒரு வரன் அமைந்தது. நல்ல இடம். ஜாதகம் பொருந்தி, பூ வைக்க நாள் குறித்து, புடவையும் எடுத்தாச்சு. நாலு நாள் இருக்கும்போது மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன் வந்தது. "பொண்ணோட அம்மாச்சிக்குப் புத்தி மாறாட்டமாமே. அவங்களைப் பெத்த கிழவிக்கும் அப்படித்தானாமே. கிழவியோட மூத்த மகனும் அப்படித்தான் போனாராமே. பொம்பளை வழியா ஓடுற வியாதியை எங்க வீட்டுக்குள்ள கொண்டுவர முடியாது." அவ்வளவுதான். போனை வைச்சுட்டாங்க.

அக்கா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. எனக்கு அக்காவைத் தேற்ற வேண்டியது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் என் மனசுக்குள்ளேயே ஒரு புழு அரிக்க ஆரம்பித்தது. அவங்க சொன்னது உண்மையா இருந்தா அடுத்தது அக்காவும் நானும்தானே? அந்த மாசம் சந்தாப் பணம் எண்ணும்போது இருநூறு ரூபாய் குறைஞ்சது. ராத்திரி பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்து எண்ணினேன். ஒரு நோட்டு இன்னொன்றோடு ஒட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். முன்னாலென்றால் சிரித்துவிட்டுப் படுத்திருப்பேன். அன்றைக்குத் தூக்கமே வரவில்லை.

எங்க அம்மாவைப் பற்றிச் சொல்லணும். எங்க ஊரில் முதல் குழு ஆரம்பித்தபோதே சேர்ந்தவங்க. படிப்பு மூணாவது வரைதான். ஆனா வட்டிக் கணக்கு வாயிலேயே போடுவாங்க. நாங்க கால்குலேட்டரைத் தேடி எடுப்பதற்குள் அசலும் வட்டியும் சொல்லிடுவாங்க. அந்த அம்மா ஒரு கூட்டத்தில் சந்தா நூறு ரூபாயைக் கட்டிவிட்டு, அஞ்சு நிமிஷம் கழித்து இன்னொரு நூறு ரூபாயை எடுத்து நீட்டினாங்க. எல்லாரும் சிரிச்சோம். அம்மாவும் சிரிச்சாங்க. மூணாவது தடவை முந்தானை முடிச்சை அவிழ்க்கும்போது யாரும் சிரிக்கல.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. குழம்பில் இரண்டு தடவை உப்பு. பழகின கடைத்தெருவில் வழி தெரியாமல் நின்றது. ஒரு நாள் காதுத்தோட்டைக் காணோம் என்று எங்க மதினி மேல் பழி போட்டுட்டாங்க. ஊர் கேட்கக் கத்தினாங்க. மதினி அழுதுகொண்டே பிறந்த வீட்டுக்குப் போயிட்டாங்க. பதினைந்து நாள் கழித்து தோடு அரிசிப் பானைக்குள்ளே இருந்தது. அண்ணன் போய்க் கெஞ்சிக் கூட்டிட்டு வந்தார். வைத்த இடம் மறந்துபோய், யாரோ எடுத்துட்டாங்க என்று நம்புவது இந்த வியாதியில் ரொம்ப சாதாரணம் என்று பிறகு டாக்டர் சொன்னாங்க. அது அன்றைக்கே தெரிந்திருந்தால் மதினிக்கு அந்தப் பதினைந்து நாள் மிச்சம்.

ஆஸ்பத்திரிக்கு முன்னால் எங்கே போனோம் என்று மறைக்காமல் சொல்லிடுறேன். கோடாங்கிகிட்டதான் போனோம். அவர் உடுக்கை அடித்து, "உங்க வம்சத்துப் பொம்பளை ஒருத்தி கிணத்துல விழுந்து செத்தது தீராம நிக்குது" என்றார். அவருக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு ஒரே ஆச்சரியம். அப்புறம்தான் தெரிந்தது, அந்தக் கதை ஊருக்கே தெரியும், எனக்கு மட்டும்தான் யாரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

கடைசியில் அரசு ஆஸ்பத்திரி நரம்பியல் பிரிவில் ஒரு டாக்டரம்மா பார்த்தாங்க. ரத்தம் எடுத்து தைராய்டு, பி12 சத்து எல்லாம் பார்த்தாங்க. தலை ஸ்கேன் எடுத்தாங்க. அம்மாவுக்குப் பி12 ரொம்பக் குறைவாக இருந்தது, அதற்கு ஊசி போட்டாங்க. கொஞ்சம் தெளிச்சி வந்தது. ஆனா மறதி முழுசாகப் போகவில்லை. சோதித்துப் பார்த்து அல்சைமர் வகை மறதி நோய் என்று சொன்னாங்க. அப்போது அம்மாவுக்கு 69 வயது நடந்துகொண்டிருந்தது.

நான் டாக்டரம்மாவிடம் நேராகக் கேட்டேன், "இது எங்க குடும்பத்தில ஓடுதாம்மா?"

"வேற யாருக்கு இருந்துச்சு?"

"எங்க அம்மாச்சிக்கு."

"எத்தனை வயசுல ஆரம்பிச்சது?"

முழித்தேன். எனக்குத் தெரிந்த நாள் முதல் அவங்க கிழவிதான். கிழவிக்கு யார் வயசு பார்த்தா? "வயசானப்புறம்தாம்மா" என்றேன். "வயசுன்னா ஐம்பதா, எழுபதா? அது தெரிஞ்சாதான் உங்க கேள்விக்கு நான் பதில் சொல்ல முடியும். போய் விசாரிச்சு எழுதிட்டு வாங்க. அம்மாச்சிக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும். யாருக்கு வந்துச்சு, யாருக்கு வரல, எந்த வயசில, எப்படிச் செத்தாங்க" என்றாங்க.

ஏன் வயசு இவ்வளவு முக்கியம் என்று அவங்க விளக்கினதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். இந்த மறதி நோய் பெரும்பாலும் 65 வயதுக்கு மேல் வருவது. நம்ம நாட்டில் 60 தாண்டியவர்கள் 100 பேரில் சுமார் 7 பேருக்கு ஏதோ ஒரு வகை மறதி நோய் இருக்கிறது என்று கணக்கு எடுத்திருக்கிறார்கள். அப்படியென்றால் ஒரு பெரிய குடும்பத்தில் இரண்டு கிழவிகளுக்கு வந்தால் அது அதிசயமே இல்லை. ஆனா இன்னொரு வகை இருக்கு. அது நாற்பதிலோ ஐம்பதிலோ வரும். அப்பா அல்லது அம்மா, அவர்களைப் பெற்றவர், கூடப் பிறந்தவர்களில் பாதிப் பேர் என்று இடைவெளி விடாமல் இறங்கும். அதுதான் உண்மையாகவே ரத்தத்தில் வருவது. அல்சைமர் நோயாளிகளில் நூற்றில் ஒருவருக்குக்கூட இந்த வகை இல்லை.

இதற்கு அவங்க ஒரு தேசத்துக் கதையைச் சொன்னாங்க. பதினொன்றாவது படிக்கும் என் மகள் அதைப் பிறகு போனில் தேடி எனக்கு வாசித்துக் காட்டினாள். தென் அமெரிக்காவில் கொலம்பியா என்று ஒரு நாடு. அங்கே அந்தியோக்கியா என்ற மலைப் பகுதி. அங்குள்ள கிராமங்களில் சில குடும்பங்களில் நாற்பது வயது தாண்டினதும் ஆண், பெண் வித்தியாசம் இல்லாமல் புத்தி மங்கும். ஐம்பதுக்குள் பெற்ற பிள்ளையைத் தெரியாது. அறுபதுக்குள் பெரும்பாலும் ஆள் இருக்காது. அந்த ஊர்க்காரர்கள் அதற்கு 'மந்தம்' என்கிற மாதிரி ஒரு பேர் வைத்திருந்தார்கள். சாபம் என்றார்கள். சூனியம் பிடித்த மரத்தைத் தொட்டதால் என்றார்கள். நம்ம கோடாங்கி அங்கேயும் இருந்திருக்கிறார் பாருங்க.

1980-களில் பிரான்சிஸ்கோ லோபெரா என்று ஒரு இளம் டாக்டர். நாற்பது சொச்சம் வயதில் மறதியோடு வந்த ஒருவரைப் பார்த்தார். அவரோட அப்பாவுக்கு, தாத்தாவுக்கு, கூடப் பிறந்தவர்களுக்கும் அப்படியே என்று கேள்விப்பட்டதும் அவர் மருந்துச் சீட்டு எழுதி அனுப்பிவிடவில்லை. லூசியா மாட்ரிகல் என்ற செவிலியரோடு சேர்ந்து ஊர் ஊராகப் போனார். ஆயுதக் குழுக்களும் போதைமருந்துக் கும்பல்களும் நடமாடின காலம் அது. வீடு வீடாக உட்கார்ந்து கேட்டு வம்ச வரைபடம் போட்டார்கள். கேட்டது போதாமல் மாதா கோயில்களில் ஞானஸ்நானம், கல்யாணம், சாவு எழுதி வைத்திருந்த பழைய பதிவேடுகளைப் பிரித்துப் பார்த்தார்கள். தனித்தனி என்று நினைத்த இருபத்தைந்து குடும்பங்கள் மேலே போகப் போக ஒன்றாகச் சேர்ந்தன. 1700-களின் நடுவில் வாழ்ந்த ஒரே தம்பதியிடம் போய் நின்றது. அவர்கள் வழியில் வந்தவர்கள் சுமார் 6,000 பேர். 1990-களின் நடுவில், 14-வது குரோமோசோமில் உள்ள பிரிசெனிலின் 1 என்ற மரபணுவில் ஒரே ஒரு எழுத்துப் பிழை மாதிரி ஒரு மாற்றம்தான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். சாபமும் இல்லை, மரமும் இல்லை.

அது எப்படி இறங்குகிறது என்பதையும் சொல்லிடுறேன். மரபணு ஒவ்வொன்றும் நம்மிடம் ஜோடியாக இருக்கிறது, அம்மா கொடுத்தது ஒன்று, அப்பா கொடுத்தது ஒன்று. இந்த வகையில் ஜோடியில் ஒன்றில் பிழை இருந்தாலே நோய் வந்துவிடும். நாம் பிள்ளைக்குக் கொடுப்பது ஜோடியில் ஏதாவது ஒன்று. பிழையானது போகுதா, நல்லது போகுதா என்பது பூவா தலையா போடுகிற மாதிரி. நாலு பிள்ளை என்றால் கட்டாயம் இரண்டு பேருக்கு என்று இல்லை, நாலு தடவையும் பூ விழலாம், நாலு தடவையும் தலை விழலாம். பிழை போகாத பிள்ளை தன் பிள்ளைக்கு அதைக் கொடுக்கவே முடியாது. அந்தக் கிளையோடு அது நின்றுவிடும். 'பொம்பளை வழியா ஓடுது' என்பது சுத்தப் பொய். அப்பா வழியாகவும் அதே அளவு வரும். அத்தை மகன், மாமன் மகளைக் கட்டினால்தான் வரும் என்பதும் இதற்குப் பொருந்தாது. சொந்தத்தில் கட்டுவதால் கூடுகிற வியாதிகள் வேறே இருக்கின்றன, அவற்றில் அப்பா, அம்மா இரண்டு பேரிடமிருந்தும் பிழை வந்தால்தான் நோய்.

சரி, எங்க வீட்டுக்கு வருவோம். அந்த டாக்டருக்கு மாதா கோயில் பதிவேடு இருந்தது. எங்களுக்கு என்ன இருந்தது? முதலில் அம்மாச்சியின் ரேஷன் கார்டைத் தேடி எடுத்தேன். 2005-இல் கொடுத்த கார்டு. வயது 58 என்று போட்டிருந்தது. எனக்குக் கை நடுங்கிடுச்சு. அம்மாச்சிக்கு மறதி ஆரம்பித்தது சுனாமி வந்த வருஷம், அதாவது 2004. அப்போது நான் பத்தாவது முடித்து வீட்டில் இருந்தேன், நல்லா ஞாபகம் இருக்கு. டிவியில் அலையைக் காட்டும்போது, "யார் வீட்டுக் கல்யாணம், இவ்வளவு கூட்டம்?" என்று கேட்டாங்க. அப்போ 57 வயதிலேயா? அம்மாவுக்கு 69 என்றாலும் அம்மாச்சிக்கு 57 என்றால் டாக்டரம்மா சொன்ன அந்த வகையாக இருக்குமோ என்று பயந்துட்டேன்.

என் மகள்தான் கார்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "2005-ல 58ன்னா பிறந்தது 1947. பெரிய மாமா தாத்தாவோட பள்ளிக்கூடச் சான்றிதழ்லயும் 1947ன்னுதான் இருக்கு. அம்மாவும் மகனும் ஒரே வருஷத்தில பிறந்தாங்களா?" கார்டு எழுத வந்தவர் வாசலில் நின்றுகொண்டு கண்ணுக்குப் பட்டதை எழுதிட்டுப் போயிருக்கிறார். நாமும் அதையே பத்து இடத்தில் காட்டி உண்மையாக்கிவிட்டோம்.

அப்புறம் ஊரில் மூத்தவங்களைத் தேடிப் போனேன். அம்மாச்சியோட ஓரகத்தி, தொண்ணூறு தாண்டினவங்க, காது கேட்காது, ஆனா நினைவு அப்படியே இருக்கு. வருஷம் கேட்டால் சொல்லத் தெரியாது. "காந்தியைச் சுட்டப்போ பெரிய மாமாவுக்கு எத்தனை வயசு?" என்று காதில் கத்தினேன். "மூணு மாசக் கைப்பிள்ளை. அதுக்கு முன்னால ஒண்ணு பிறந்து செத்துப்போச்சு" என்றாங்க. இரண்டு பிள்ளை பெற்றவளுக்கு அப்போது இருபது வயதாவது இருக்கும். அப்படியென்றால் அம்மாச்சி பிறந்தது 1928 வாக்கில். சுனாமி வருஷம் அவங்களுக்கு 76! ஐம்பத்தேழு இல்லை. அந்தத் திண்ணையிலேயே நான் அழுதுட்டேன். அந்தப் பாட்டிக்கு ஏன் அழுகிறேன் என்றே புரியவில்லை, மோர் கொடுத்தாங்க.

இதற்குச் சாட்சி வேண்டுமே என்று மொய் நோட்டுகளை எடுத்தோம். மொய் நோட்டு எவ்வளவு பெரிய பதிவேடு என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. யாருக்கு யார் பிள்ளை, எந்த ஊரில் கட்டிக்கொடுத்தது, எந்த வருஷம் வரை ஆள் இருந்தார், எந்த வருஷத்திலிருந்து அவர் பேருக்குப் பதிலாக மகன் பேர் வருது, எல்லாம் அதில் இருக்கு. எங்க சின்ன மாமா கல்யாணம் எம்.ஜி.ஆர். இறந்ததற்கு அடுத்த வருஷம், 1988. அந்த நோட்டில் அம்மாச்சி பக்கத்தில் உட்கார்ந்து, இவங்களுக்கு நாம முன்னே எவ்வளவு செய்தோம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எழுதினதாகச் சின்ன மாமா சொல்றார். அப்போது அவங்களுக்கு அறுபது. புத்தியில் ஒரு குறையும் இல்லை.

கிணத்துக் கதைக்கு வருகிறேன். அம்மாச்சிக்கு ஒரு தங்கச்சி இருந்தாங்க. எங்க வீட்டில் அவங்க படமும் இல்லை, பேச்சும் இல்லை. அந்தப் பாட்டிதான் சொன்னாங்க. இருபத்திரண்டு வயதில் தலைப்பிரசவம். பத்தாம் நாளிலிருந்து தூக்கமில்லை, பிள்ளையைத் தொடமாட்டேன் என்றாங்களாம், இது என் பிள்ளை இல்லை என்றாங்களாம். பேய் என்று வேப்பிலை அடித்தார்கள். நாற்பதாம் நாளுக்குள் கிணற்றில் விழுந்துட்டாங்க. 'புத்தி மாறாட்டம் ஓடுற குடும்பம்' என்ற பேச்சு அங்கேதான் முளைச்சிருக்கு. டாக்டரம்மா அதைக் கேட்டுவிட்டு, பிரசவத்துக்குப் பிறகு சில பேருக்கு வருகிற மனநோய் அது, இன்றைக்கு என்றால் மருந்து கொடுத்து உடனே காப்பாற்றி இருக்கலாம், அதற்கும் மறதி நோய்க்கும் சம்பந்தமே இல்லை என்றாங்க. எழுபது வருஷமாக ஒரு இருபத்திரண்டு வயசுப் பிள்ளையைக் குடும்பத்துச் சாபம் என்று ஒளித்து வைத்திருந்தோம். பிள்ளை பெற்ற வீட்டில் யாராவது தூங்காமல், ஒட்டாமல் இருந்தால் தயவுசெய்து அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்க. 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குப் போன் போட்டாலும் தமிழில் பேசுவாங்க.

மூன்றாவது ஆள் பெரிய மாமா. அவருக்கு ஐம்பத்தைந்திலேயே மறதியும் தள்ளாட்டமும் வந்தது உண்மை. ஆனா அவர் முப்பது வருஷம் குடித்தவர். டிவிஎஸ் வண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு மூணு நாள் நினைவில்லாமல் கிடந்தவர். இரண்டுமே மூளையைக் கெடுக்கும். ஸ்கேன் எதுவும் எடுக்கவில்லை, ஆளும் இப்போது இல்லை. "அவர் கட்டத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்க" என்றாங்க டாக்டரம்மா. போட்டோம். அவரோட பிள்ளைகள் ஐம்பது தாண்டி நல்லா இருக்காங்க.

இப்படி ஒரு நாளேட்டுக் காகிதத்தில் ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவர்களுக்குக் குறுக்கே ஒரு கோடு என்று என் மகள் வரைந்தாள். மூணு தலைமுறை, முப்பத்தொரு பேர். அதை விரித்து வைத்தபோது ஊர் சொன்ன ஒரே வியாதி நாலு வேறே வேறே கதைகளாகப் பிரிந்துபோனது. அம்மாவோட சின்னத் தம்பி, தங்கச்சி இரண்டு பேரும் அறுபது தாண்டி நல்லா இருக்காங்க. நாற்பதில், ஐம்பதில் தலைமுறை தலைமுறையாக இறங்குகிற அந்தக் கோடு எங்க காகிதத்தில் இல்லை.

அதற்காக எங்களுக்கு எதுவுமே வராது என்று அவங்க சொல்லவில்லை. பெற்றவங்களுக்கு இருந்தால் பிள்ளைகளுக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் வாய்ப்பு கூட. அப்போ ஈ என்ற ஒரு மரபணுவில் 4-ஆம் வகை இருந்தாலும் கூடும். ஆனா அது இருந்தும் கடைசி வரை வராதவங்க உண்டு, இல்லாமலே வந்தவங்களும் உண்டு. பாதிக்குப் பாதி என்ற அந்தக் கணக்கு எங்களுக்குப் பொருந்தாது, அவ்வளவுதான்.

அக்கா விடவில்லை. "ரத்தம் எடுத்து, இல்லைன்னு ஒரு சர்டிபிகேட் கொடுங்க, மாப்பிள்ளை வீட்டு மூஞ்சியில வீசுறேன்" என்றாள். டாக்டரம்மா கோபப்படவில்லை. அப்படி ஒரு சர்டிபிகேட் உலகத்தில் யாரும் கொடுக்க முடியாது என்றாங்க. மரபணுப் பரிசோதனை என்றால் முதலில் நோய் உள்ளவருக்குத்தான் பார்க்கணும், அவரிடம் பிழை கிடைத்தால்தான் மற்றவர்களுக்குப் பார்ப்பதில் அர்த்தம் உண்டு. அதுவும் பதினெட்டு வயது முடிந்தவர், தானே விரும்பி, முன்னாலேயே ஆலோசகரிடம் பேசின பிறகுதான். ஏன்னா தெரிந்துகொண்டதைத் திரும்பத் தெரியாததாக ஆக்க முடியாது. தெரிந்தாலும் வராமல் நிறுத்த இன்றைக்கு மருந்து கிடையாது.

இங்கிலாந்தில் கரோல் ஜென்னிங்ஸ் என்று ஒரு பள்ளி ஆசிரியை. அவங்க அப்பாவுக்கும் அப்பா கூடப் பிறந்தவர்கள் பலருக்கும் ஐம்பதுகளில் இந்த நோய். 1980-களில் அவங்களே ஆராய்ச்சியாளர்களுக்குக் கடிதம் எழுதி, எங்க குடும்பத்தைப் பாருங்க என்று கூப்பிட்டாங்க. அந்தக் குடும்பத்தின் ரத்தத்தை வைத்துத்தான் 1991-இல் அல்சைமருக்கு முதல் மரபணுப் பிழையைக் கண்டுபிடித்தார்கள், அது 21-வது குரோமோசோமில். உலகத்துக்கே வழி காட்டின அந்த அம்மா, தனக்கு அந்தப் பிழை இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கவில்லை. வேண்டாம் என்று இருந்துட்டாங்க. பிறகு ஐம்பதுகளில் அவங்களுக்கும் நோய் வந்தது, 2024-இல் காலமானாங்க. கொலம்பியாவிலும் 2013-இல் ஒரு மருந்தைச் சோதித்தபோது பிழை இல்லாதவர்களையும் சேர்த்துக்கொண்டு அவர்களுக்கு வெறும் ஊசி போட்டார்கள், சேர்ந்திருக்கிறவருக்கு நோய் வரும் என்று ஊர் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று. அந்த மருந்து பலன் தரவில்லை என்று 2022-இல் தெரிந்தது. ஆனா அந்த மரியாதையை நினைத்துப் பார்த்தேன். நம்ம ஊரில் ஒரு பெண்ணைப் பற்றி பூ வைப்பதற்கு நாலு நாள் முன்னால் விசாரிக்கிற விதமும் நினைவுக்கு வந்தது.

அதே கொலம்பியாக் குடும்பத்தில் ஒரு அம்மாவுக்கு அந்தப் பிழை இருந்தும் எழுபது வயது தாண்டும் வரை மறதி வரவில்லை. அவங்களிடம் வேறொரு அபூர்வமான மரபணு மாற்றம் காவலாக இருந்திருக்கலாம் என்று 2019-இல் எழுதினார்கள். அதிலிருந்து மருந்து செய்ய முடியுமா என்று இப்போது பார்க்கிறார்கள். லோபெரா டாக்டர் 2024 செப்டம்பரில் இறந்துபோனார்.

நம்ம கையில் என்ன இருக்கு என்று கேட்டேன். பிரஷர், சுகர், கொழுப்பு, காது கேளாமை, பார்வைக் குறை, குடி, புகை, தலையில் அடி, தனிமை, மனச்சோர்வு, இப்படி 14 காரணங்களைச் சரிசெய்தால் உலகத்தில் வருகிற மறதி நோயில் 100-க்கு 45 வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று 2024-இல் லான்செட் மருத்துவ இதழின் குழு சொல்லியிருக்கிறதாம். அதில் படிப்புக் குறைவும் ஒன்று. பொம்பளைப் பிள்ளையைப் பத்தாவதோடு நிறுத்தினவங்க கவனிக்க, என்னையும் சேர்த்துத்தான் சொல்றேன். மக்களைத் தேடி மருத்துவத்தில் வேலை பார்க்கிற நம்ம குழுப் பெண்கள் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்க்கும்போது "அப்புறம் வாங்க" என்று அனுப்பாதீங்க. மறதி தெரிந்ததும் தைராய்டும் பி12-ம் பார்க்கச் சொல்லுங்க, சில பேருக்கு அதிலேயே சரியாகிறது. முதியவர்களுக்கு உதவி வேண்டுமென்றால் 14567 என்ற எண் இருக்கு.

அந்த வரன் திரும்பி வரவில்லை. காகிதத்தை எடுத்துப் போய்க் காட்டலாமா என்று அண்ணன் கேட்டார். அக்கா மகள், "வேண்டாம் மாமா, அவங்க வீட்டுக் காகிதத்தை அவங்க காட்டட்டும், அப்புறம் பார்ப்போம்" என்றாள். இப்போது தையல் யூனிட்டில் சூப்பர்வைசராக இருக்கிறாள். அடுத்து யாராவது பெண் பார்க்க வந்தால் தானே விரித்து வைத்துச் சொல்லப் போகிறதாகச் சொல்கிறாள்.

அம்மா இப்போது என்னோடுதான் இருக்காங்க. என் பேர் சில நாள் வரும், சில நாள் வராது. போன வாரம் அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டு அம்மாச்சி வட்டத்தின் மேல் விரல் வைத்து, "இது எங்க ஆத்தா" என்றாங்க. எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தெரியலை, அவங்களுக்கு இப்போது எழுத்துக் கூட்டி வாசிக்கவே வருவதில்லை.

உங்க வீட்டிலும் யாருக்காவது இப்படிக் காகிதம் போடணும் என்றால் ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் வீட்டுக்கு வாங்க. நானும் என் மகளும் உட்கார்ந்து எழுதித் தர்றோம். வரும்போது மொய் நோட்டை எடுத்துட்டு வாங்க, ரேஷன் கார்டு வேண்டாம்.